நரம்புச் செல்லை ஆராயும் விஞ்ஞானி ஆவது எப்படி: சென்னையிலிருந்து தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

"நியூரோ சயின்டிஸ்ட் ஆகணும்" என்று வீட்டில் சொன்னால், "அப்போ நீட் எழுதணும்ல?" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதிலாக வரும். வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும் சிகிச்சை தருபவர் நரம்பியல் மருத்துவர். நரம்புச் செல் எப்படி வளர்கிறது, எப்படிச் செய்தி அனுப்புகிறது, ஏன் செத்துப்போகிறது என்று ஆய்வகத்தில் தேடுபவர் நரம்பு அறிவியலாளர். இவருக்கு எம்.பி.பி.எஸ். கட்டாயம் இல்லை. பி.எஸ்சி., எம்.எஸ்சி., பி.எச்டி. என்ற வழியில் வருகிறவர்கள் நிறைய.

பிளஸ் டூ முடிக்கப்போகிறவர்கள், சென்னைக் கல்லூரிகளில் உயிரியல் சார்ந்த பட்டம் படிக்கிறவர்கள், அவர்களுடைய பெற்றோர், இந்த மூன்று தரப்பையும் மனதில் வைத்து எழுதுகிறேன். என் கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளை என்றால் ஆர்வம் யாருக்கும் வரும். ஒரே வகைச் செல்லோடு மாதக்கணக்கில் உட்காரும் விருப்பம் எல்லோருக்கும் வராது. உங்களுக்கு அது இருக்கிறதா என்பதை பி.எச்டி.யில் சேர்வதற்கு முன்பே, ஓர் ஆய்வகத்துக்குள் போய் வேலை செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே சொல்லப்போகும் படிகள் பெரும்பாலும் அதற்காகத்தான்.

படி 1: இந்த வேலை என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் உடல், செய்தி வாங்கும் கிளைகளான டென்ட்ரைட்டுகள், செய்தி அனுப்பும் நீண்ட இழையான ஆக்ஸான் உண்டு. பாடப்புத்தகப் படத்தில் ஆக்ஸான் இரண்டு அங்குலம் இருக்கும். உங்கள் கால் கட்டைவிரலை அசைக்கும் செல்லின் உடல் முதுகுத்தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து பாதம் வரை போகும் ஆக்ஸானின் நீளம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அதன் நுனிக்குத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி செல் உடலில் தயாராகி, கைனீசின் என்ற மோட்டார் புரதத்தின் முதுகில் ஏறி அங்கே போய்ச் சேர வேண்டும். வேகமான சரக்குகூட நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர்தான் நகரும். அப்படியானால் பாதம் போய்ச் சேர மூன்றிலிருந்து ஐந்து நாள். மெதுவான சரக்கு நாளுக்குச் சில மில்லிமீட்டரே நகரும். அதற்கு மாதங்கள் ஆகும்.

சர்க்கரை நோய் உள்ள நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஏன் முதலில் பாதம் மரத்துப்போகிறது? உடலில் மிக நீளமான ஆக்ஸான்கள் அங்கேதான் முடிகின்றன. நீளமான ஆக்ஸானைப் பராமரிப்பது கடினம், அதனால் நுனியில்தான் பழுது முதலில் தெரிகிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப்' (ICMR-INDIAB) ஆய்வு சொன்னது. அதை முன்னின்று நடத்தியது சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன். ஆக்ஸானின் நுனியில் என்ன நடக்கிறது என்பது நம் தெருவில் பலருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கேள்வி. இந்த மாதிரிக் கேள்விகளைச் செல் மட்டத்தில் ஆராய்வதுதான் நீங்கள் தேர்ந்தெடுக்கப்போகும் வேலை.

அன்றாட வேலை எப்படி இருக்கும்? பரவலாகச் செய்யப்படும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். எலியின் பதினெட்டு நாள் கருவிலிருந்து ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை எடுத்து, செல்களைப் பிரித்து, செல் ஒட்டிக்கொள்ள உதவும் பாலிலைசின் பூசிய கண்ணாடித் துண்டுகளில் விதைப்பார்கள். 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் வைத்தால் சில மணி நேரத்தில் சின்னச் சின்ன இழைகள் முளைக்கும். சில நாளில் ஒரே ஓர் இழை மற்றவற்றை முந்திக்கொண்டு நீண்டு ஆக்ஸான் ஆகிவிடும். செல்களுக்கிடையே சினாப்ஸ் (செய்தி கைமாறும் இணைப்பு) முதிர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை அவ்வப்போது ஊடகத்தில், அதாவது செல்களை வளர்க்கும் சத்துத் திரவத்தில், பாதியை மட்டும் மாற்ற வேண்டும். முழுவதையும் மாற்றினால் செல்கள் தாங்காது. அப்புறம்தான் நிறமூட்டி, கான்ஃபோகல் நுண்ணோக்கியில் படம் எடுத்து, கணினியில் அளக்கும் வேலை.

புற்றுநோய்ச் செல்லைக் கையாள்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: செல் தானாகப் பெருகும், ஃப்ரீசரில் எடுத்துவைத்துக்கொள்ளலாம். முதிர்ந்த நரம்புச் செல் பிரியாது. இரண்டாவது வாரத்தில் தட்டில் பூஞ்சை வந்தால் அந்த இரண்டு வாரமும் போச்சு, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்று இதை இன்னும் கடினமாக்குகிறது. செல் வளர்க்கும் கல்ச்சர் அறையில் பூஞ்சை சீக்கிரம் வரும், ஈரம் தங்கினால் நுண்ணோக்கி லென்ஸிலும் படரும். அதனால் ஏ.சி.யும் மின்தடைக்கான பேக்-அப்பும் இங்கே சோதனையின் ஒரு பகுதி. இதைப் படிக்கும்போதே அலுப்பு தட்டினால் நரம்பு அறிவியலிலேயே வேறு வழிகள் உண்டு: மூளை ஸ்கேன் ஆய்வு, நடத்தை ஆய்வு, கணினி மாதிரிகள். "சரி, பூஞ்சை வராமல் செய்ய என்ன வழி?" என்று உடனே கேட்கத் தோன்றினால் நீங்கள் தொடர்ந்து படிக்கலாம்.

படி 2: பள்ளியில் கணக்கை விடாதீர்கள்

பிளஸ் ஒன் சேரும்போது முடிந்தால் பயோ-மேத்ஸ் எடுங்கள். தாவரவியல், விலங்கியல் மட்டும் உள்ள பிரிவில் படித்தும் இத்துறைக்கு வரலாம். பட்டப்படிப்பின்போது கணக்கைத் தனியாகப் பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உயிரியலுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு தருகிறேன். நரம்புச் செல்லுக்குள் பொட்டாசியம் அயனி சுமார் 140 மில்லிமோலார் (செறிவின் அலகு), வெளியே சுமார் 5. வெளிச்செறிவை உட்செறிவால் வகுத்து, வரும் எண்ணுக்கு பத்தடிமான மடக்கை எடுத்து, 61.5-ஆல் பெருக்குங்கள். உடல் வெப்பநிலையில் பொட்டாசியத்துக்குரிய சமநிலை மின்னழுத்தம் மில்லிவோல்ட்டில் கிடைக்கும். விடை சுமார் −89. நிஜமான செல்லை அளந்தால் −70 அருகில் காட்டுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? ஓய்விலும் கொஞ்சம் சோடியம் உள்ளே கசிகிறது. அது மின்னழுத்தத்தை மேலே இழுக்கிறது. பிளஸ் டூ மடக்கையை வைத்துக்கொண்டு உயிருள்ள செல்லைப் பற்றி ஒரு முன்கணிப்பு சொல்லி, அது ஏன் தவறுகிறது என்பதிலிருந்து புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டுவிட்டீர்கள்.

ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் செய்ததும் இதன் தொடர்ச்சிதான். காசிமேட்டில் கூடை கூடையாக விற்கிறதே கணவாய், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த உயிரினத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள ஆக்ஸான் உண்டு. அதற்குள் மின்கம்பியை நுழைத்து அளந்து, நரம்புத் துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். ஹக்ஸ்லி அவற்றைக் கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் போட்டுத் தீர்த்தார். 1963-இல் நோபல் பரிசு வந்தது. கணக்குத் தெரிந்த உயிரியல் மாணவருக்கு இத்துறை எப்போதும் இடம் கொடுத்திருக்கிறது.

பிளஸ் டூவுக்குப் பின் எழுத வேண்டிய தேர்வுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு. அதில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சம மதிப்பெண். பயோ-மேத்ஸ் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். சென்னைக்கு அருகில் இருப்பது திருப்பதி ஐசர். அதேபோன்ற தேசிய நிறுவனமான புவனேஸ்வரத்தின் நைசருக்கு நெஸ்ட் தேர்வு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2023-இல் தொடங்கிய மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் பி.எஸ். படிப்பும் ஐ.ஏ.டி. மதிப்பெண் வழியாகவே மாணவர்களைச் சேர்க்கிறது. நீட்டுக்குப் படிக்கிற மாணவர் இந்தத் தேர்வுகளையும் எழுதிவைப்பது நல்லது.

படி 3: சென்னைக் கல்லூரியில் பட்டம்

ஐசர் கிடைக்கவில்லை என்று யாரும் துவண்டுபோக வேண்டாம். மாநிலக் கல்லூரி, லயோலா, எத்திராஜ், ஸ்டெல்லா மாரிஸ், டபிள்யூ.சி.சி., தாம்பரம் எம்.சி.சி. போன்ற கல்லூரிகளில் விலங்கியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் என்று ஏதாவது ஒரு பட்டம் போதும். பாடத்தின் பெயருக்காக ரொம்ப அலைய வேண்டாம். இளநிலையில் "நியூரோசயின்ஸ்" என்ற பெயர் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த பி.எச்டி. நேர்காணலிலும் இல்லை. உயிர்வேதியியல் படித்தவர் புரதத்திலும், விலங்கியல் படித்தவர் உடற்கூறிலும், இயற்பியல் படித்தவர் மின்னளவையிலும் பலம் உள்ளவராக வருவார். மூவரும் ஒரே ஆய்வகத்தில் சேர்ந்து வேலை செய்வது வழக்கம்.

கல்லூரி சொல்லித்தராத இரண்டை நீங்களே கற்க வேண்டும். ஒன்று புள்ளியியல், இன்னொன்று கொஞ்சம் நிரலாக்கம், பைத்தான் போதும். நுண்ணோக்கிப் படங்களை அளக்க ஃபிஜி என்ற இலவச மென்பொருள் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதை இன்றே மடிக்கணினியில் இறக்கி, இணையத்தில் கிடைக்கும் செல் படங்களை வைத்துப் பழகலாம். ஐ.ஐ.டி.கள் பாடம் வெளியிடும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் நரம்பு அறிவியல் பாடங்கள் இலவசம். விலையுயர்ந்த பாடநூல்களைத் தேட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பை, மதிய உணவோடு போனால் ஒரு முழு நாள் படிக்கலாம்.

சென்னையிலேயே நடக்கும் ஆய்வுகளையும் கவனியுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற தொகுப்பை வெளியிட்டது. கருவிலிருக்கும் மனித மூளையின் 5,132 வெட்டுகளை செல் மட்டம் வரை படமாக்கி, முப்பரிமாணத்தில் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். அடையாறிலிருந்து பேருந்து ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் செய்யப்பட்ட வேலை அது. ஒரு மாலை அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் உடற்கூறியல், உடலியங்கியல் துறைகள் இருக்கின்றன. அதே தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் உயிரியலைக் கணக்காக அணுகுகிறவர்கள் இருக்கிறார்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்ப மையம். இவற்றில் நடக்கும் பொதுச் சொற்பொழிவுகளுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். பாதி புரியாமல் போனாலும் பரவாயில்லை. இன்று ஆய்வாளர்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பது காதில் விழும்.

படி 4: ஓர் ஆய்வகத்துக்குள் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதல் வழி, இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம். இரண்டு மாதம், நாட்டின் ஏதாவது ஓர் ஆய்வகத்தில், உதவித்தொகையுடன் வேலை. விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே தொடங்கிவிடும், ஏப்ரலில் விழித்துக்கொண்டால் பயனில்லை. பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பியுங்கள். ஏன் அந்த ஆய்வகம் என்று எழுதச் சொல்லும் பகுதியில்தான் தேர்வு நடக்கிறது. "சிறுவயதிலிருந்தே மூளை மேல் ஆர்வம்" என்று நூற்றுக்கணக்கானோர் எழுதுவார்கள். நீங்கள் அந்த ஆய்வகத்தின் ஒரு கட்டுரையைப் படித்து, அதில் புரிந்த ஒரு முடிவையும் புரியாத ஒரு கேள்வியையும் எழுதுங்கள்.

இரண்டாவது வழி, நேரடியாக மின்னஞ்சல் அனுப்புவது. பேராசிரியர்களுக்கு இப்படி எக்கச்சக்கமான மின்னஞ்சல்கள் வருகின்றன, பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. உங்களுடையது பத்து வரிக்குள் இருக்கட்டும். நீங்கள் யார், என்ன படிக்கிறீர்கள் என்று ஒரு வரி. அவர்களுடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எது உங்களை நிறுத்தியது என்று இரண்டு மூன்று வரி. என்ன தெரியும் என்று ஒரு வரி. பிப்பெட் பிடிக்கத் தெரியும், ஃபிஜி தெரியும் என்பதே போதும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்தில் எத்தனை நாள் வர முடியும் என்று ஒரு வரி. மதிப்பெண் பட்டியலை இணைத்துவிடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுங்கள். அதோடு விட்டுவிட்டு அடுத்தவருக்கு எழுதுங்கள். ஒரே மின்னஞ்சலை இருபது பேருக்கு ஒன்றாக அனுப்புவது மட்டும் கூடாது. பெறுகிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இடம் கிடைத்தபின் எப்படி நடந்துகொள்வது? முதல் வாரம் உங்களுக்குப் பெரும்பாலும் வேலையே தரமாட்டார்கள். சீனியர் அக்கா செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்ப்பதும் வேலைதான். அவர் ஏன் 70 சதவீத ஆல்கஹாலால் ஹூட்டை (கிருமி புகாமல் வேலை செய்யும் மேடையை) துடைக்கிறார், ஏன் இன்குபேட்டர் கதவைத் திறந்த வேகத்தில் மூடுகிறார் என்று கேளுங்கள். எந்தத் தட்டிலும் குழாயிலும் பெயர், தேதி, உள்ளே இருப்பது என்ன என்று எழுதாமல் வைக்காதீர்கள். குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டித்தரும் ஆன்டிபாடி ஒரு சின்னக் குப்பியே பல ஆயிரம் ரூபாய், வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். அடுத்தவருடைய குப்பியைக் கேட்காமல் தொடுவது ஆய்வகங்களில் பெரிய தப்பு. நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றைக்கே எழுதுங்கள்; சரியாக வராத சோதனையைத்தான் விரிவாக எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து யாராவது அதையே மறுபடி செய்யும்போது அந்தப் பக்கம்தான் உதவும்.

தொடக்கத்தில் எலியின் செல்களை உங்களிடம் தரமாட்டார்கள். எஸ்.எச்.-எஸ்.ஒய்.5ஒய் போன்ற, புற்றுக்கட்டியிலிருந்து வந்த பிரியும் செல்வகையில் பழகச் சொல்வார்கள். அவை நரம்புச் செல்போல நடந்துகொள்ளத் தூண்டப்படக்கூடியவை, பழக நல்லவை. ஆனால் அவற்றில் கண்டதை நிஜ நரம்புச் செல்லுக்கு அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை இப்போதே மனதில் பதித்துக்கொண்டால் பிற்காலத்தில் கட்டுரைகளைப் படிக்கும் கண்ணே மாறிவிடும்.

எண்ணிக்கை விஷயத்திலும் இப்போதே கறாராக இருங்கள். ஒரு தட்டில் ஐம்பது செல்களை அளந்தால் உங்கள் மாதிரியின் அளவு ஐம்பது ஆகிவிடாது. அவை எல்லாம் ஒரே நாளில், ஒரே கருக்களிலிருந்து, ஒரே கையால் விதைக்கப்பட்டவை. தனித்தனி நாட்களில் செய்த தனித்தனி கல்ச்சர்களின் எண்ணிக்கைதான் உண்மையான மாதிரி எண். எந்தத் தட்டில் மருந்து, எந்தத் தட்டில் வெறும் கரைசல் என்று தெரியாமல் அளக்க வேண்டும். இந்த இரண்டையும் மீறி வந்த முடிவுகள் அடுத்தவர் கையில் நிற்பதில்லை. பி.எஸ்சி. மாணவராக இருக்கும்போதே இதைப் பேசுகிறவரை எந்தக் கைடும் கவனிப்பார்.

இரண்டு மாத முடிவில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: சோதனை தோற்ற நாளிலும் மறுநாள் லேபுக்குப் போக மனம் இருந்ததா? இருந்தது என்றால் அடுத்த படி.

படி 5: எம்.எஸ்சி.யும் தேசியத் தேர்வுகளும்

எம்.எஸ்சி.க்கு ஜாம் என்ற தேசிய நுழைவுத் தேர்வின் உயிரித் தொழில்நுட்பத் தாள் ஐ.ஐ.டி.களைத் திறக்கும். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் (இந்திய அறிவியல் நிறுவனம்) ஒருங்கிணைந்த பி.எச்டி.க்கும் ஜாம் பயன்படும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவு பெறும் முதுநிலைப் படிப்புகளுக்கு ஜி.ஏ.டி.-பி தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு. ஆய்வேடு எழுதும் கடைசி செமஸ்டரில் முழுநேரமும் ஆய்வகத்தில் இருக்க அனுமதிக்கும் துறையைத் தேர்ந்தெடுங்கள். கல்லூரிப் பெயரைவிட இந்த ஒன்று உங்களுக்கு அதிகம் உதவும்.

பி.எச்டி.க்கு முக்கியமானது சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தகுதித் தேர்வின் உயிர் அறிவியல் தாள். மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். இதில் சி பகுதி மட்டுமே 100 மதிப்பெண்: 75 கேள்விகளில் 25-க்கு விடையளித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் நான்கு. அந்தப் பகுதி மனப்பாடத்தைச் சோதிப்பதில்லை. ஒரு சோதனையின் வரைபடத்தைக் கொடுத்து இதிலிருந்து எது விளங்குகிறது என்று கேட்கும். ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு இது எளிதாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தவறான விடைக்குக் கால் பங்கு கழிப்பார்கள் என்பதால் எல்லாப் பாடங்களையும் அரைகுறையாகத் தொடுவதைவிட, செல் உயிரியல், மூலக்கூறு உயிரியல், உடலியங்கியல், மரபியல் நான்கையும் ஆழமாகப் படிப்பது மேல்.

இந்தத் தேர்வின் வழியாக ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனதும் 42,000, அதோடு வீட்டு வாடகைப்படி. கேட், உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட் ஆகிய தேர்வுகளையும் எழுதுங்கள். மும்பை டி.ஐ.எஃப்.ஆர்., பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆகிய ஆய்வு நிறுவனங்களுக்குத் தனியாக ஜெகீபில்ஸ் என்ற தேர்வு உண்டு.

படி 6: பி.எச்டி. ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது

நரம்புச் செல் உயிரியலுக்கு இந்தியாவில் நல்ல இடங்கள் பல: ஐ.ஐ.எஸ்சி.யின் நரம்பு அறிவியல் மையம், என்.சி.பி.எஸ்., பெங்களூருவின் நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம்), ஜே.என்.சி.ஏ.எஸ்.ஆர்., டி.ஐ.எஃப்.ஆர்., ஐசர் புனே, ஹைதராபாத் சி.சி.எம்.பி., மனேசரில் உள்ள என்.பி.ஆர்.சி. நோயைப் பற்றி ஆராய விரும்பினால் நிம்ஹான்ஸுக்குக் கூடுதல் சிறப்பு: 1995 முதல் அங்கே மனித மூளை வங்கி இயங்குகிறது. சென்னையிலேயே இருக்க வேண்டிய குடும்பச் சூழல் என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸையும் சென்னைப் பல்கலைக்கழகத்தையும் முதலில் பாருங்கள். அதற்காகத் தயங்க வேண்டாம்.

நிறுவனத்தைவிடக் கைடு முக்கியம். அடுத்த ஐந்து ஆறு ஆண்டு உங்கள் நாட்களை அவர்தான் தீர்மானிக்கப்போகிறார். அதைவிட முக்கியம், அவர் கேட்கும் கேள்வி உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பது. வெறும் 302 நரம்புச் செல்கள் கொண்ட சி. எலிகன்ஸ் புழுவில் ஆக்ஸான் சரக்குப் போக்குவரத்தைப் பார்க்கும் ஆய்வகமும், நோயாளியின் தோல் செல்லை ஸ்டெம் செல்லாக்கி (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்லாக்கி) அதிலிருந்து நரம்புச் செல் வளர்க்கும் ஆய்வகமும் ஒரே துறைதான். அன்றாட வேலையோ முற்றிலும் வேறு. புழுவில் மரபணுவை மாற்றிச் சில நாளில் அடுத்த தலைமுறையைப் பார்க்கலாம். கேள்வியைச் சட்டென்று திருத்திக்கொள்ளலாம். மனித ஸ்டெம் செல்லிலிருந்து முதிர்ந்த நரம்புச் செல் கிடைக்க மாதங்கள் ஆகும், செலவும் அதிகம், ஆனால் நோயாளிக்கு நெருக்கமான விடை கிடைக்கும். பேட்ச் கிளாம்ப் ஆய்வகம் என்றால் ஒரு மைக்ரான் அளவு நுனியுள்ள கண்ணாடிக் குழலைச் செல்லின் மேல் ஒட்டி, ஒரே ஓர் அயனி வாயில் திறந்து மூடுவதைக்கூட அளக்கலாம். 1976-இல் நேஹரும் சாக்மனும் காட்டிய முறை இது. அதற்கு வேண்டிய பொறுமை தனி ரகம். கை அசையாமல் மணிக்கணக்கில் இருட்டறையில் இருக்கப் பிடிக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் குழுவினர் வழக்கமாக உங்கள் எம்.எஸ்சி. ஆய்வைப் பற்றித்தான் துருவுவார்கள். "இந்த முடிவு தவறாக இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வாய்?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படி யோசிப்பேன் என்று தொடருங்கள். கரும்பலகையில் எழுதச் சொன்னால் எழுந்து எழுதுங்கள்.

இடம் கிடைத்ததும், சம்மதம் சொல்வதற்கு முன், அந்த ஆய்வகத்தின் சீனியர்களிடம் தனியாகப் போனில் பேசுங்கள். "அண்ணா, சார்கிட்ட டிராஃப்ட் கொடுத்தா எவ்வளவு நாள்ல திருப்பித் தருவார்?" என்ற ஒரு கேள்வியிலேயே நிறையத் தெரிந்துவிடும். கடைசியாக முடித்தவர் எத்தனை ஆண்டு எடுத்தார், இப்போது எங்கே இருக்கிறார்? நடுவில் விட்டுப்போனவர்கள் உண்டா? கட்டுரையில் முதல் பெயர் யாருக்குப் போகும் என்று எப்போது முடிவாகும்? திட்டப் பணம் இன்னும் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது? இணையதளத்தில் படம் போட்டிருக்கும் நுண்ணோக்கி இப்போது வேலை செய்கிறதா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சங்கடப்பட்டு மழுப்புகிறார்கள் என்றால் அதுவே ஒரு தகவல்.

படி 7: பி.எச்டி. ஆண்டுகள்

முதல் ஆண்டு பாடங்கள், ஆய்வக முறைகளைக் கைப்பழக்கமாக்குவது, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி. இந்த அனுமதி இல்லாமல் எலியைத் தொட முடியாது. விண்ணப்பம் எழுதுவதற்கே நேரம் பிடிக்கும், அதனால் சேர்ந்ததுமே தொடங்குங்கள். இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் பெரும்பாலோருக்கு எதுவும் சரியாக வராது. செல் சாகும், ஆன்டிபாடி ஒட்டாது. அது உங்கள் திறமைக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாகப் புழுங்காமல் பக்கத்து ஆய்வகத்தில் அதே முறையைச் செய்கிறவரிடம் போய்க் கேளுங்கள். தூக்கம் கெட்டு, வீட்டோடு பேசுவதும் நின்றுபோனால் நிறுவனத்தின் ஆலோசகரிடம் தயங்காமல் போக வேண்டும்.

நான்காம் ஆண்டிலிருந்து எழுத்து. படங்களை முதலில் வரிசைப்படுத்தி, அப்புறம் வாக்கியம் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு மாநாட்டிலாவது போஸ்டர் வையுங்கள். இந்திய நரம்பு அறிவியல் அகாடமியின் ஆண்டு மாநாடு நல்ல தொடக்கம்.

மருத்துவம் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களும் ஐ.ஐ.எஸ்சி., என்.சி.பி.எஸ். போன்ற இடங்களில் பி.எச்டி. சேரலாம். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, இல்லாத கையில் வலி உணர்வோரைப் பற்றிய ஆய்வால் உலகப் புகழ் பெற்ற வி.எஸ். ராமச்சந்திரன் நம் ஊர் உதாரணம். நோயாளியைப் பார்த்த அனுபவம் நல்ல கேள்விகளைத் தரும். ஆனால் மூன்று ஆண்டு பெஞ்சில் கைப்பழக்கம் பெற்ற எம்.எஸ்சி. மாணவருக்கு முன்னால் நீங்கள் புதியவர். அவரிடம் கற்கத் தயாராக வாருங்கள்.

படி 8: பி.எச்டி.க்குப் பின்

பேராசிரியர் ஆக விரும்பினால் மூன்று முதல் ஐந்து ஆண்டு போஸ்ட்-டாக் (பி.எச்டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி), பெரும்பாலும் வெளிநாட்டில். திரும்பி வருவதற்கு ராமலிங்கசாமி, ராமானுஜன் உதவித்தொகைகள் உண்டு. இந்தியா அலையன்ஸ் உதவித்தொகை, தொடக்க நிலை ஆய்வாளருக்குச் சொந்த நிதியோடு வேலை செய்யும் சுதந்திரம் தருகிறது. பணியில் இடைவெளி விழுந்த பெண்கள் மீண்டும் ஆராய்ச்சிக்கு வர மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டம் இருக்கிறது.

எல்லோருக்கும் பேராசிரியர் இடம் கிடைக்காது, எல்லோரும் அதை விரும்புவதும் இல்லை. படங்களை அளக்கக் கற்றவர் தரவு அறிவியலுக்குப் போகலாம். நுண்ணோக்கி நிறுவனங்கள், ஆய்வகங்களுக்குப் போய்ப் பயிற்சி தர பி.எச்டி. முடித்தவர்களை எடுக்கின்றன. மருந்து ஆய்வு நிறுவனங்கள், தரமணி டைசல் பயோ பார்க்கில் இயங்கும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள், காப்புரிமை அலுவலகங்கள், அறிவியல் எழுத்து என்று வேறு வேலைகளும் உண்டு. இவற்றைத் தோற்றவர்களின் கதவு என்று பேசும் சீனியர்கள் இருப்பார்கள். அவர்கள் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

வீட்டில் காட்ட வேண்டிய கணக்கு

பதினேழு வயதில் பிளஸ் டூ, இருபதில் பி.எஸ்சி., இருபத்திரண்டில் எம்.எஸ்சி., இருபத்தெட்டை ஒட்டி பி.எச்டி., போஸ்ட்-டாக்கும் சேர்த்தால் முப்பத்திரண்டு முப்பத்துமூன்று. உடன் படித்த பொறியாளர் அதற்குள் வீட்டுக்கடனில் பாதியைக் கட்டியிருப்பார். இன்னொரு பக்கம், ஜே.ஆர்.எஃப். வாங்கிய நாளிலிருந்து உங்கள் படிப்புக்கு வீட்டிலிருந்து பணம் போக வேண்டியதில்லை; சிக்கனமாக இருந்தால் கொஞ்சம் அனுப்பவும் முடியும். பிளஸ் டூவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிக்கச் சேர்ந்தவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகையாக ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை கிடைக்கும். கல்விக்கடன் எடுக்கும் முன் இதற்கு விண்ணப்பியுங்கள்.

இந்த வயதுக் கணக்கையும் பணக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, பட்டப்படிப்பில் சேரும்போதே அப்பா அம்மாவிடம் காட்டிவிடுங்கள். இருபத்தைந்து வயதில், குறிப்பாகப் பெண்களுக்கு, கல்யாணப் பேச்சு தொடங்கும்போது "இன்னும் எவ்வளவு நாள் படிப்பு?" என்ற கேள்வி வரும். முதலிலேயே தெரிந்திருந்த வீட்டில் அந்தப் பேச்சு வேறு தொனியில் நடக்கிறது. தாளின் கீழே ஜே.ஆர்.எஃப். வர வேண்டிய ஆண்டையும், அது வராவிட்டால் எத்தனை முறை எழுதுவது, அதற்குள் எந்த ஆய்வகத்தில் திட்ட உதவியாளராகச் சேர்வது என்பதையும் எழுதிவையுங்கள்.